தலைப்பெழுத்து

வாவல் மீனின் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த சங்கீதாவுக்குப் பின்னால், தூணில் சாய்ந்து நின்றபடி கபிலன் இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. தேக்கா மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. இடிப்பவர்கள் எல்லாம் "சாரி" சொல்லிவிட்டு இடித்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. கட்டைவிரல்கள் கைப்பேசியில் ஓடின. பலகையில் மீன் வெட்டும் கத்தி விழும் சத்தம் சீர் பிரிக்க வசதியாகக்கூட இருந்தது.

தில்லையின் பெயரைத் தாங்கித் திரைகடல் தாண்டி வந்தாய்;
இல்லையென் றானாய் இன்று. இனியெவர் விளக்கை ஏற்ற?

எழுதி முடித்ததும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எதுகை வந்து உட்கார்ந்துவிட்டது. மோனையும் கூப்பிடாமலே வந்து நின்றது. செத்தவர் பெயர் சிதம்பரம். பெயரிலேயே பாட்டு இருந்தது என்பது அவர் எண்ணம். இரண்டே வரியில் ஒரு மனிதனை வழியனுப்பிவைத்த திருப்தியில் அவர் முகம் லேசாக மலர்ந்தது. இதை மறைப்பானேன்?

"மீன் வெட்டி முடிச்சாச்சு. உங்களுக்கு முடிஞ்சுதா?" என்றாள் சங்கீதா.

"ரெண்டு நிமிஷம்மா. போட்டோ மட்டும் போடணும்."

"யாரு இந்த வாட்டி?"

"ஷிப்யார்டுல ஒரு தமிழ்நாட்டு ஆளு. பாவம்."

"பாவந்தான்லா. ஆனா ஐஸ் கரையுது" என்று அவள் பையை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கல் மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கே நிலம் நடுங்கினாலும், எங்கே மலை சரிந்தாலும், எங்கே விமானம் விழுந்தாலும் தன் கணவர் இப்படி ஏதாவது ஒரு தூணில் சாய்ந்துகொள்வதைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியவள், அவ்வளவுதான்.

கபிலன் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர். பிடோக்கில் வீடு. அடையாள அட்டையில் 'கபிலன் சன் ஆஃப் முத்துசாமி' என்றுதான் இருக்கும், ஃபேஸ்புக்கில் 'மு. கபிலன்'. தலைப்பெழுத்தைத் தமிழில் போடு, முன்னால் போடு என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறவர், தன் பெயரில் தவறுவாரா? பதினோராயிரம் பேர் அவரைத் தொடர்ந்தார்கள். தேசிய தினக் கவிதைக்கு இருநூறு விருப்பம் வந்தால் இரங்கற்பாவுக்கு ஆயிரம் வரும். இறந்து போன அவருடைய அப்பா அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை உண்டு: நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமல் போ. அதைத்தான் இந்தக் காலத்துக்கு ஏற்றபடி செய்வதாகக் கபிலன் நம்பினார். நம்பியதில் பொய்யில்லை. ஆனால் வேறு யாராவது தமக்கு முன்னால் அஞ்சலி போட்டுவிட்டால் அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் உண்மை.

செய்தியை அனுப்பியவன் ஜாஃபர். அவருடைய பழைய மாணவன். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஒரு குழுவில் ஓய்வு நாட்களில் ஓடியாடுகிறவன். நேற்றுச் சாயங்காலம் ஒரு கப்பல் பட்டறையில் டேங்க் வெடித்துத் தீ, ஐந்து பேர் ஆஸ்பத்திரியில், ஒருவர் இறந்துவிட்டார், புதுக்கோட்டைப் பக்கம், வயது நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தான். பெயரை மட்டும் எங்கிருந்தோ ஆங்கிலப் பெரிய எழுத்தில் அப்படியே வெட்டி ஒட்டியிருந்தான்: சிதம்பரம் கதிரேசன்.

கபிலன் அதைக் கண்ணால் பார்த்த வேகத்திலேயே பிரித்துவிட்டார். சிதம்பரம், சன் ஆஃப் கதிரேசன். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக்கி முறைப்படி முன்னால் கொண்டுவந்து 'க. சிதம்பரம்' என்று எழுதினார். அடுத்து படம். ஃபேஸ்புக்கில் சிதம்பரம், புதுக்கோட்டை, சிங்கப்பூர் என்று தேடியதில் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் கிழவர். ஒருவன் மீசை முளைக்காதவன். மூன்றாமவர் நீலச் சட்டையோடு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றார். முதுகுக்குப் பின்னால் தொலைவில் கப்பல்கள். வயது நாற்பது சொல்லலாம். போதாதா? கறுப்புப் பின்னணி, மல்லிகை மாலை, அசையும் சுடரோடு ஒரு குத்துவிளக்கு எல்லாம் அவர் கைப்பேசியில் எப்போதும் தயாராக இருக்கும். தோள்வரை வெட்டி மாலைக்குள் வைத்தார். கண்ணீர் அஞ்சலி, க. சிதம்பரம். கீழே பாட்டு. மீன் கடையை விட்டு நகர்வதற்குள் பதிவு போய்விட்டது.

ஜாஃபரின் அடுத்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. "சார், குடும்பத்துக்கு இன்னும் சொல்லல. இப்போதைக்கு வெளிய போட வேணாம்." அதைப் படித்தபோது பதிவுக்கு நாற்பத்து மூன்று பேர் அழுதிருந்தார்கள். போட்டதை எடுத்தால் என்னவோ ஏதோவென்று நாலு பேர் கேட்பார்களே என்று யோசித்தார். ஊரில் இதற்குள் தெரிந்திருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஜாஃபருக்கு ஒரு கும்பிடும் கையை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

சங்கீதா மீனோடு ரயிலேறிப் போனாள். கபிலனுக்கு மூன்று மணிக்கு சிராங்கூன் ரோட்டில் தமிழ்மொழி விழாக் கூட்டம் ஒன்று. அதுவரை சாப்பாட்டுக் கடைப்பக்கம் உட்கார்ந்து, தோசையைப் பிட்டுக்கொண்டே பதிவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. ஆத்மா சாந்தியடையட்டும். ஒருவர், "இனியெவர் விளக்கை ஏற்ற, அடடா, வரிகள் அருமை ஐயா!" அதற்குக் கபிலன் நன்றி எழுதினார். மற்றவற்றுக்கெல்லாம் படித்தும் படிக்காமலும் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிக்கொண்டே போனார். வந்தவர்களை வாசலில் நின்று கும்பிடுவது போல அது ஒரு மரியாதை.

ஒரு மணி சுமாருக்குக் கைப்பேசி ஒலித்தது.

திரை முழுவதும் அந்த முகம். நீலச் சட்டை, கடற்கரை, பின்னால் கப்பல்கள். ஃபேஸ்புக் வழியாகச் சிதம்பரம் அழைக்கிறார் என்று எழுதியிருந்தது.

கபிலன் கையிலிருந்த தோசைத் துண்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தேத்தண்ணீருக்குச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகல், சுற்றிலும் நூறு பேர். ஆனாலும் அந்தப் பச்சைப் பொத்தானை அவர் தொடுவதற்குள் நாலைந்து மணி அடித்துவிட்டது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவர்தான். நம்பிக்கை இருப்பவனுக்காவது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

"சார், கபிலன் சாருங்களா? நான் சிதம்பரம் பேசறேன் சார்."

கபிலன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நான் செத்துட்டேன்னு போட்டிருக்கீங்க சார். என்ன சார் இது? எங்க வீட்ல போனு எடுக்க மாட்டேங்குது. அடிச்சிக்கிட்டே இருக்கேன். நீங்க எங்க சார் இருக்கீங்க?"

குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அவர் ரேஸ் கோர்ஸ் ரோடு திடலில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தாராம். ஆளாளுக்கு அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்களாம். பஃபலோ ரோட்டில், காய்கறிக் கடைகள் முனையில் நிற்கச் சொல்லிவிட்டுக் கபிலன் ஓடினார். அந்த ஐந்து நிமிட ஓட்டத்தில் அவர் மனசு எங்கெல்லாம் போனது என்பதை வரிசையாகச் சொன்னால் அவருக்குப் பெருமையில்லை. முதலில் பள்ளி முதல்வர் முகம் வந்தது. பிறகு செய்தித்தாள். பிறகு பதினோராயிரம் பேர். அதெல்லாம் வந்து போன பிறகுதான், புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்க, எடுக்க முடியாமல் கிடக்கும் ஒரு பெண் வந்தாள். வந்தவள் போகவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கிணறு இருக்கும் ஊரோ என்னவோ. அந்த எண்ணம் வந்ததும் அவர் நடுச்சாலையில் ஒரு கணம் நின்றுவிட்டார். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

சிதம்பரம் வாழைக்காய்க் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். அதே நீலச் சட்டை. படத்தில் இருந்ததைவிட ஆள் ஒல்லி. காதில் கைப்பேசி. சுற்றிலும் மூன்று பேர் அவர் கீழே விழுந்துவிடுவார் என்பது போலக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். கபிலனைப் பார்த்ததும் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். மணி அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் எதிர்வீட்டுக்காரரைப் போனில் பிடித்தார்களாம், வாசலில் ஊரே கூடிவிட்டது, உள்ளே போக முடியவில்லை என்று அவர் சொன்னாராம். கபிலன் தம்மை அறியாமல் கை கூப்பி நின்றார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை கும்பிடும் கைகளை அனுப்பியிருப்பார். உண்மையில் கை கூப்பி வேண்டிக்கொண்டது இன்றைக்குத்தான்.

"ஏய்! ஏ புள்ள! நாந்தான். நாந்தாண்டி!"

எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஓலம் இங்கே வரை கேட்டது. சிதம்பரம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "நாந்தான். சிதம்பரம். இல்ல, ஒண்ணும் ஆவல. தேக்காவுல நிக்கிறேன். ஆமா, நாந்தான். சிதம்பரம். சொல்றேன்ல, சிதம்பரம்." திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நம்பவில்லை போலிருக்கிறது. வீடியோவைப் போட்டார். தலையைத் திருப்பிக் காட்டினார், கடைகளைக் காட்டினார், கடைசியில் ஒரு வாழைக்காயை எடுத்துக் காட்டினார். பத்து நிமிடம் கழித்துச் சாலை ஓரத் திட்டில் அப்படியே உட்கார்ந்தார்.

"தாலியக் கழட்டச் சொல்லி ஒரு கிழவி வந்து நின்னிருக்கு சார்" என்றார். "எம் மச்சான்தான், பாடி வரட்டும்னு தடுத்திருக்கான்."

கபிலன் "மன்னிச்சிடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். தமிழில் அதைவிடப் பெரிய வார்த்தைகள் எத்தனையோ அவருக்குத் தெரியும். ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"செத்துட்டான்னு பொரளி கெளம்புனா ஆயுசு கெட்டிம்பாங்க" என்று சிதம்பரம் சிரிக்கப் பார்த்தார். "ஆனா அந்தப் படத்த மொதல்ல எடுங்க சார். மால போட்டு, வெளக்கு வச்சு... உசுரோட இருக்கறவன் அதப் பாக்கக் கூடாது சார். எனக்குக் கழுத்தெல்லாம் என்னமோ பண்ணுது."

"இதோ, இதோ" என்று கபிலன் கைப்பேசியை எடுத்தார். வியர்வையில் திரை அவர் விரலை அடையாளம் காணவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார்.

"அப்ப செத்தது யாரு சார்?"

விரல் நின்றது. இந்தக் கேள்வி தமக்கு ஏன் இதுவரை வரவில்லை என்று கபிலன் திகைத்தார்.

"சிதம்பரம்தான். சிதம்பரம் கதிரேசன். வேற ஒரு சிதம்பரம். நான்தான் படத்த மாத்தி..."

"எங்கப்பா பேரு கருப்பையா" என்றார் சிதம்பரம் யோசனையாக. "ஆனா சார், எங்க ஊர்ல பாஸ்போர்ட்டு எடுக்கையில சில ஏஜெண்டு இனிஷியல அப்படியே விரிச்சிப் போட்டுருவான். அப்பா பேரு முன்னாடி, ஆளு பேரு பின்னாடி. எங்க சித்தப்பாவ இங்க எல்லாம் எங்க தாத்தா பேரச் சொல்லித்தான் கூப்புட்டாங்க, ஒம்போது வருசம். அது மாதிரி இருக்கப் போவுது, பாருங்க."

கபிலன் அந்தப் பெயரை மறுபடி சொல்லிப் பார்த்தார். தலைப்பெழுத்து முன்னால் வரும். அதுதான் முறை. இருபத்திரண்டு வருடமாக வெண்பலகையில் எழுதிப் போடுகிற பாடம். சி. கதிரேசன் என்றால் விரித்தால் சிதம்பரம் கதிரேசன். ஊரில் பிறந்தவன் எவனும் முதலில் அப்படித்தான் படித்திருப்பான். இங்கே பிறந்து, சன் ஆஃப் என்று அட்டையில் அச்சடித்து வளர்ந்த தமிழ் வாத்தியாருக்கு மட்டும் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. தில்லையின் பெயர் வேறு குறுக்கே வந்து கண்ணை மறைத்துவிட்டது.

ஜாஃபரை அழைத்தார். அவன் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தான்.

"ஆமா சார், அவர் பேரு கதிரேசன். அப்பா பேருதான் சிதம்பரம். ஏன் சார்?" என்றவன் தானே தொடர்ந்தான். "வீட்டுக்கு இன்னும் தெரியாது. கம்பெனி ஆளும் ஏஜெண்டும் நேர்ல போய்ச் சொல்றதா இருக்காங்க. சாயங்காலம் ஆயிடும். அவங்க வீட்ல யாருக்கோ ஹார்ட் பிராப்ளமாம், போன்ல சொல்ல வேணாம்னு முடிவு. சார், நீங்க எதுவும் போடலதானே?"

"அப்புறம் பேசறேன் ஜாஃபர்."

பதிவைத் திறந்தார். ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. நீக்கலாம் என்று மேல் மூலைக்கு விரலைக் கொண்டுபோனவர் கண்ணில், கருத்துகளின் தலைமாட்டில் நின்ற ஒரு பெயர் பட்டது. எல்லோரும் விருப்பம் போட்டுப் போட்டு அதை மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். வர்ஷா கதிரேசன், பிளஸ் டூ. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் படம்.

'இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா பேரு கதிரேசன், அதே யார்டுலதான் வேல. நேத்து ராத்திரிலேர்ந்து போன் எடுக்கல, நியூஸ் பாத்து அழுதுகிட்டே இருந்தோம். இந்தப் படத்தப் பாத்த பிறகுதான் அம்மா எந்திரிச்சுத் தண்ணி குடிச்சாங்க. நன்றி சார். இறந்த அண்ணன் குடும்பத்துக்கு எங்க ஆழ்ந்த இரங்கல்.'

அதன் கீழே ஒரு சிவப்பு இதயம் இருந்தது. தோசை சாப்பிட்டபோது கபிலன் போட்டது.

அவர் அந்தத் திட்டிலேயே சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி மடிப்புக் கலையுமே, கூட்டத்துக்கு நேரமாகுமே என்பதெல்லாம் எங்கோ போயிருந்தது. ஒரு வீட்டில் இல்லாத சாவை உண்டாக்கிவிட்டோம் என்றுதான் இவ்வளவு நேரம் பயந்தார். இன்னொரு வீட்டுச் சாவைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்தும் வைத்திருக்கிறார். இப்போது இந்தப் படத்தை எடுத்தால் அந்தப் பெண் பார்ப்பாள். ஏன் எடுத்தார் என்று யோசிக்க ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு எத்தனை நொடி வேண்டும்? எடுக்காவிட்டால், உயிரோடு இருக்கும் ஒருவன் மாலையோடு ஊர் சுற்றுவான். சாயங்காலம் ஆவதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டார். அங்கே நேரம் இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே இன்னும் மதியம்கூட ஆகவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. உள்பெட்டியில் அதே பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

'சார் வணக்கம். நான் கமெண்ட் போட்ட வர்ஷா. இப்ப அப்பா ரூம்ல இருக்கற ஒரு அண்ணன் போன் பண்ணாங்க. லிஸ்ட்ல சிதம்பரம் கதிரேசன்னு இருக்குன்னு சொல்றாங்க. எங்க தாத்தா பேரு சிதம்பரம் சார். அப்பா பாஸ்போர்ட்லயும் அப்படித்தான் வரும். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்க தமிழ் வாத்தியார்னு போட்டிருக்கு. க. சிதம்பரம்தானே சார்? நல்லா விசாரிச்சுத்தானே எழுதுனீங்க? போட்டோ சரிதானே சார்?'

கபிலன் படித்தார். மறுபடி படித்தார். தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. சிதம்பரமும் படித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்த பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். நண்பர்கள் மூவரும் என்னவென்று கேட்டார்கள். அவர் கபிலன் பக்கம் திரும்பினார்.

"எத்தன வயசு சார் இருக்கும் அந்தப் புள்ளைக்கு?"

"பதினேழு. பதினேழு இருக்கும்."

"ஹார்ட்டு யாருக்கு? அம்மாவுக்கா?"

"தெரியல."

கபிலன் பதில் எழுதும் கட்டத்தில் விரலை வைத்தார். 'அம்மா' என்று எழுதி அழித்தார். 'பிள்ளை' என்று எழுதி அழித்தார். சரி என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் அந்த ஒற்றைச் சொல்லைத் தனியாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை அம்மாவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தாம் எழுதுவது அங்கே மூன்று புள்ளிகளாகத் துடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதும் கையை இழுத்துக்கொண்டார். எழுத்தைக் கண்டு அவர் பயந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"நான் இத எடுத்துடறேன்" என்றார் பதிவுக்குத் திரும்பிப் போய். "உங்க படம். நீங்க சொன்னீங்களே, அத மொதல்ல எடுத்துடறேன்."

"இருங்க சார்."

சிதம்பரம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்பு வேலை பார்த்த கை, வலித்தது.

"எங்க வீட்ல சொல்லியாச்சுல்ல" என்றார். கறிவேப்பிலைக் கட்டு வாங்க வந்த ஒருத்தி அவர்கள் காலைத் தாண்டிப் போனாள். "நேர்ல ஆளு போவுதுன்னாங்கல்ல. போவட்டும். அதுவரைக்கும் எம் மூஞ்சியே இருக்கட்டும் சார்."

"நீங்க பயந்தீங்களே..."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்று சிதம்பரம் கழுத்தைத் துண்டால் துடைத்தார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மல்லிகை மாலைக்குள் நீலச் சட்டை சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் விளக்கின் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் புதிதாக ஆழ்ந்த இரங்கல் சொன்னார். மேலே, உள்பெட்டியிலிருந்து இன்னொரு செய்தி வந்து விழுந்தது. 'சார்?' கபிலன் அதைத் தொடவில்லை. சற்று நேரத்தில் திரை தானாக மங்கத் தொடங்கியது. அது அணைந்துவிடாமல் சிதம்பரம் கையை நீட்டித் தன் முகத்தின் மேல் விரலை வைத்தார். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியபோது மறுபடி தொட்டார்.